ஸ்டாண்டில் தொங்கிய சுடுகாட்டு மல்லி

எங்கள் அப்பா சத்தியமங்கலம் பக்கம் மல்லிப்பூ விவசாயி. கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி வந்தது. வலிக்கவில்லையே என்று இரண்டு மாதம் துண்டைப் போட்டு மறைத்துக்கொண்டு திரிந்தார். கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போய்ச் சதை எடுத்துப் பார்த்ததில் லிம்போமா என்றார்கள். நிணநீர்க் கணுவில் வரும் புற்றுநோய், அதிலும் பி செல் என்கிற ஒரு வகை வெள்ளை அணுவில் வருவது. ஊரில் யாரும் புற்றுநோய் என்று வாயால் சொல்ல மாட்டார்கள், 'அந்தச் சீக்கு'தான். வைத்தியத்துக்கும் அவர்களுக்குத் தெரிந்து இரண்டே பெயர்: ஊசி போடறது, கரண்டு வைக்கறது (கதிர்வீச்சைத்தான் அப்படிச் சொல்வார்கள்). அப்பாவுக்கு ஊசி. 21 நாளுக்கு ஒன்று, மொத்தம் ஆறு.

சீட்டில் ஆர்-சாப் (R-CHOP) என்று எழுதியிருந்தது. என்னவென்று கேட்டதற்கு "கீமோதாம்மா" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். வெளியே அத்தனை பேர் உட்கார்ந்திருக்க, அவர்களையும் குறை சொல்ல முடியாது, ஆனாலும் கோபம் வந்தது. பூச்சி மருந்து வாங்கினால் கூட, டப்பாவில் என்ன இருக்கிறது என்று கடைக்காரர் படித்துக் காட்டாமல் காசு கொடுக்காத மனுசன் எங்கள் அப்பா. அவர் உடம்பில் ஏறுவதை மட்டும் கேட்காமல் விடுவதா? அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து படித்ததில்தான் தெரிந்தது, அது ஒரு மருந்து இல்லை, எழுத்துக்கு ஒன்றாக ஐந்து. அதில் அந்த 'ஆர்' கீமோவே கிடையாது.

முதல் நாள் அந்த ஆர்தான் ஏறியது, ரிடுக்சிமாப். காலையிலிருந்து பொழுதோட வரைக்கும். முன்னாடியே பாராசிட்டமாலும் அலர்ஜி ஊசியும் போட்டு, மிகவும் மெதுவாகச் சொட்டவிட்டு, அரை மணிக்கு ஒரு முறை பிரஷர் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் கூட்டினார்கள். அப்படியும் ஒரு மணி நேரத்தில் அப்பாவுக்குக் குளிர் எடுத்து உடம்பு தூக்கிப் போட்டது. நர்ஸ் பதறவே இல்லை. ட்ரிப்பை நிறுத்தி, ஒரு ஊசி போட்டு, போர்வை போர்த்தி, அரை மணி கழித்து மறுபடி பாதி வேகத்தில் ஓட விட்டார். முதல் தடவை பலருக்கும் இப்படி வருமாம், அப்புறம் வராதாம். வரவும் இல்லை.

இது செல்லைக் கொல்லும் ரசாயனம் இல்லை. நம் உடம்பு கிருமியைப் பிடிக்க உண்டாக்குகிற ஆன்டிபாடி மாதிரி, ஆய்வகத்தில் செய்த ஒரு புரதம். பி செல்லின் மேல் சிடி20 என்று ஒரு அடையாளம் இருக்கிறது, அதில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதைப் பார்த்து நம் எதிர்ப்பு சக்தியே வந்து அந்தச் செல்லை முடிக்கும். நல்ல பி செல்லும் சேர்ந்துதான் சாகும், ஆனால் எலும்பு மஜ்ஜையில் இருக்கிற மூலச் செல்லில் அந்த அடையாளம் இல்லை, அதனால் பிற்பாடு புதிதாக முளைத்துவிடும். பழைய மஞ்சள் காமாலைக் கிருமி, ஹெபடைடிஸ் பி, உள்ளே தூங்கிக்கொண்டிருந்தால் இந்த மருந்தில் விழித்துக்கொள்ளும் என்பதால் அதற்கு முன்பே ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். 1997இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த மருந்து, 2007இல் நம் நாட்டிலேயே செய்ய ஆரம்பித்த பிறகு விலை இறங்கியது. இறங்கியும் எங்கள் பில்லில் பெரிய தொகை இதுதான். கொஞ்சம் சுண்டெலிப் புரதம், மீதி மனிதப் புரதம் என்று அப்பாவிடம் சொன்னேன்.

"ஏங்கண்ணு, எலியக் கொல்லறதுக்குத்தான் நாம வருசம் பூரா மருந்து வாங்கறோம்" என்றார், பல் கிட்டித்துக்கொண்டே.

அடுத்த மூன்றும்தான் நிஜமான கீமோ. வேகமாகப் பிரிந்து பெருகுகிற செல் எதுவானாலும் அடிக்கும், ஆள் பார்க்காது. முடியின் வேர், வாயின் உட்தோல், மஜ்ஜை எல்லாம் வேகமாகப் பெருகுபவை, அதனால்தான் முடி கொட்டுவதும் வாய்ப்புண்ணும் ரத்த அணு குறைவதும். மஜ்ஜை மீண்டு வருவதற்குத்தான் அந்த 21 நாள் இடைவெளி.

சைக்ளோபாஸ்பமைடின் பூர்வீகம் யுத்தத்துக்கென்று செய்த விஷவாயு. கடுகு வாயு பட்டவர்களுக்கு வெள்ளை அணு குறைவதைக் கவனித்து, அதன் தம்பி மாதிரியான ஒரு ரசாயனத்தை 1942இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஒரு நோயாளிக்கு ஏற்றிப் பார்த்தார்கள். அவருக்கும் லிம்போமாதான். கட்டி கரைந்து, பிறகு திரும்ப வந்துவிட்டது. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் அப்பாவுக்கு ஏறியதும். மூத்திரப்பையை அரிக்கும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும்.

டாக்சோரூபிசின் செக்கச் செவேலென்று ரோஸ்மில்க் எசன்ஸ் நிறத்தில் இருக்கும். மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து வந்தது. இதயத்தைப் பாதிக்கும் என்பதால் முதலில் எக்கோ எடுப்பார்கள், வாழ்நாளுக்கு இவ்வளவுதான் என்று கணக்கும் உண்டு. இதைச் சொன்னவர்கள் ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். திரும்பி வரும்போது அன்னூரில் காரை நிறுத்தினோம், ஒன்றுக்கு இறங்கிப் போன அப்பா வெளுத்துப்போய் வந்து "அம்மிணி, ரத்தமாப் போகுது" என்றார். ஆஸ்பத்திரிக்கு போன் போட்டால், மருந்தின் நிறம்தான், ஒரு நாளில் சரியாகிவிடும் என்றார்கள். இதை ஒரு வரி முன்பே சொல்லியிருக்கலாம்!

எனக்குப் பிடித்தது வின்கிறிஸ்டின். நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கிறார்கள். எங்கள் பக்கம் அதைச் சுடுகாட்டு மல்லி என்போம், வீட்டு வாசலில் வைக்க விடமாட்டார்கள், இட்டேரி ஓரம் தானாக முளைத்துக் கிடக்கும், ஆடு கூட வாய் வைக்காது. தெற்கே மானாவாரி நிலத்தில் அதைப் பயிராகவே போட்டு இலையையும் வேரையும் விற்கிறார்கள். ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். அப்பாவுக்கு ஒரு தடவைக்கு ஏறியது 2 மில்லிகிராம், அதற்கு மேல் போடுவதில்லை. செல் இரண்டாகப் பிரியும்போது உள்ளே நூல் மாதிரி இழைகள் உருவாகிக் குரோமோசோம்களை இரண்டு பக்கமும் இழுக்கும், அந்த இழையைக் கட்டவிடாமல் செய்வதுதான் இதன் வேலை. நார் இல்லாமல் எப்படிப் பூக்கட்டுவது என்றேன், அம்மாவுக்கு உடனே புரிந்தது. அதே மாதிரி இழைகள் நரம்புக்குள்ளும் ஓடுகின்றன, அதனால் விரல் நுனி மரத்துப்போகும், மலச்சிக்கல் வரும்.

கடைசி எழுத்து பிரெட்னிசோலோன், அது ஸ்டீராய்டு, ஐந்து நாள் மாத்திரை. தூக்கம் போய், பசி ஏறி, சுகரும் எகிறிவிடும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து முதல் நாள் அரிசீம்பருப்புச் சோற்றைப் போசியோடு எடுத்து வைத்துக்கொண்டு சாப்பிடுவார். அப்புறம் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு, பூப்பறிக்கிற பெண்கள் வருவதற்கு முன்னால் மல்லிக்காட்டுக்குள் போய் நிற்பார். மண்ணில் கை வைக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கை வைக்கவில்லை, சும்மாதான் நின்றேன் என்பார்.

முடி பதினெட்டாம் நாள் தலையணையில் கிடந்தது. வந்த ஒரம்பரை எல்லாம் "பழனிக்குப் போனீங்களா?" என்று கேட்க, ஆமாங்க என்று சொல்லிவிடுவார். மீசை போனதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

இரண்டாவது ஊசிக்குப் பத்தாம் நாள் நான் ஒரு தப்பு செய்தேன். ராத்திரி உடம்பு சுட்டது, 101. பாராசிட்டமால் கொடுத்தேன், இறங்கியது, படுக்க வைத்துவிட்டேன். விடியற்காலையில் நடுக்கம் வந்து, புளியம்பட்டி தாண்டுவதற்குள் பேச்சு குழற ஆரம்பித்துவிட்டது. வெள்ளை அணு அடியோடு விழுந்திருந்தது, ஐந்து நாள் ஆன்டிபயாடிக். 100.4ஐத் தொட்டாலே மாத்திரை போடாமல் அப்போதே கூட்டி வர வேண்டும், காய்ச்சலை அமுக்கிவிட்டால் உள்ளே நடப்பது தெரியாது என்று டாக்டர் திட்டினார். திட்டட்டும். மூன்றாவதிலிருந்து மறுநாளே வெள்ளை அணு கூட்டும் ஊசி. வீட்டில் போட்டுக்கொள்ளத் தூக்குப்போசியில் ஐஸ் வைத்து, ஐஸ் நேராகப் படக்கூடாதென்று ஊசியைத் துண்டில் சுற்றிக் கொண்டு வருவோம். போட்டால் இடுப்பெலும்பு குடையும். மஜ்ஜை வேலை செய்கிறது என்று அர்த்தம்.

ஆறும் முடிந்து ஸ்கேனில் கட்டி இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வரச் சொல்லியிருக்கிறார்கள். விரல் நுனி இன்னும் மரத்தே இருக்கிறது, மொட்டைக் கிள்ளும்போது தெரிவதில்லை, கண்ணால் பார்த்துத்தான் பறிக்கிறார். அடுத்த செக்கப் ஆவணி முகூர்த்தத்தில் விழுகிறது. பூ விலை ஏறுகிற சமயம், ஒரு வாரம் தள்ளிப் போட்டுக்கலாம் கண்ணு என்று தினமும் போன் செய்கிறார். நான் தேதியை மாற்றவில்லை.