லிங்கன் மண்டையும் மாமனார் கட்டையும்

இன்று காலை ஆறேகாலுக்கு வாசலில் ‘டொக்... டொக்...’ என்று சத்தம். தங்கமணி போர்வையை இழுத்துக்கொண்டு, “உங்க மாமனார்தான், போய்ப் பாருங்க” என்றாள். இந்த மாதிரி நேரங்களில் அவர் தனக்கு அப்பா என்பதே அவளுக்கு மறந்துவிடும்.

டிரெய்லர், அதாவது வண்டிக்குப் பின்னால் கட்டி இழுக்கும் சக்கர வீடு, வாங்கிய கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டை இழுத்துக்கொண்டு ஊர் சுற்ற வேண்டும் என்ற என் பேராசை, போன வருஷம் யாரோ ஒரு மகராசன் தலையிலிருந்து இறங்கி என் தலையில் ஏறியது. இரண்டு ஆக்ஸில், நாலு சக்கரம், ஏழாயிரம் பவுண்டு எடை. டயர் பட்டனெல்லாம் (தரையில் படும் ரப்பர் மேடுகள்) புத்தம் புதுசாகத் தெரிந்தது. பட்டன்களுக்கு நடுவில் ஒரு சென்ட் காசைத் தலைகீழாகச் செருகிப் பார்த்தேன்; காசில் இருக்கும் தலை உள்ளே முழுகினால் டயர் இன்னும் தேயவில்லை என்று அர்த்தம். ஆபிரகாம் லிங்கன் புருவம் வரை முழுகினார். அமெரிக்காவில் டயருக்கு இதற்கு மேல் ஒரு சான்றிதழ் கிடையாது என்று நினைத்திருந்தேன்.

மாமனார் நாமக்கல்லிலிருந்து வந்து இறங்கிய மறுநாளே டிரெய்லரைச் சுற்றி வந்தார். முப்பத்தைந்து வருஷம் லாரி வைத்திருந்தவர். காசெல்லாம் செருகவில்லை. டயரின் பக்கவாட்டில் கட்டைவிரல் நகத்தால் ஒரு கீறு கீறினார். “ரப்பர் செத்துப் போச்சுங்க மாப்ள.”

“லிங்கன் முழுகறாருங்க மாமா.”

“எவன் முழுகுனா என்னுங்க? ஓடித் தேஞ்சா ரீட்ரெட் பண்ணிக்கலாம். நின்னே செத்ததுக்கு என்ன பண்ணுவீங்க?”

குனிந்து டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் டி.ஓ.டி. (அமெரிக்கப் போக்குவரத்துத் துறை) எண்ணைப் பார்த்தேன். கடைசி நாலு இலக்கம் 3117. அதாவது 2017-ஆம் வருஷம் முப்பத்தோராவது வாரத்தில் பிறந்த டயர். டிரெய்லர் டயர் தேய்ந்து சாவதே அபூர்வம். வருஷத்தில் பத்து மாசம் வெயிலில் சும்மா நின்று, வெடிப்பு விட்டு, ஐந்தாறு வருஷத்தில் ஆயுசு முடிந்துவிடும். டெக்சாஸ் வெயிலுக்கு அதுவே தாராளம். பட்டனைப் பார்த்து ஏமாறுவது, டை அடித்த முடியைப் பார்த்து வயசு சொல்வது மாதிரி.

அன்றிலிருந்து மூன்று வாரம் வீட்டில் வேறு பேச்சில்லை. நான் எக்செல் போட்டேன். இப்போது இருப்பது எஸ்.டி. (டிரெய்லருக்கென்றே செய்த டயர்) 205/75 ஆர் 14 சைஸ், லோடு ரேஞ்ச் (எவ்வளவு பாரம் தாங்கும் என்ற வகை) சி. ஒரு டயர் 1,760 பவுண்டு தாங்கும், அதுவும் 50 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) காற்று முழுசாக இருந்தால். நாலுக்கும் சேர்த்து 7,040. ஏழாயிரம் பவுண்டு வண்டிக்கு நாற்பது பவுண்டு மிச்சம் வைத்துக் கட்டிக்கொடுத்த அந்தக் கம்பெனிக்காரனின் கணக்கு வாத்தியாரைப் பார்த்துக் கும்பிட வேண்டும். கொக்கி வழியாகக் கொஞ்சம் பாரம் இழுக்கிற பிக்கப் வண்டிக்குப் போய்விடும் என்பது அவன் கட்சி. தங்கமணியின் வெட் கிரைண்டரை அவன் பார்த்ததில்லை.

ஆகவே எடை பார்க்க நெடுஞ்சாலையில் இருக்கும் லாரி நிறுத்தத்துக்குப் போனோம். பெரிய எடைமேடை, ஆக்ஸில் வாரியாகச் சீட்டு கொடுப்பார்கள். டிரெய்லர் சக்கரத்தில் மட்டும் 6,120 என்று வந்தது. சீட்டை வாங்கிக்கொண்டு திரும்பினால் மாமனாரைக் காணோம்.

பதினெட்டுச் சக்கர லாரிகளுக்கு நடுவில் நின்றிருந்தார். ஒரு சர்தார்ஜி டிரைவர், பேஸ்பால் மட்டையின் குட்டித் தம்பி மாதிரி ஒரு கட்டையால் டயரைத் தட்டிக்கொண்டு வந்தார். காற்றுள்ள டயர் கணீரென்று துள்ளும், இல்லாதது தொப்பென்று அடி வாங்கும். அமெரிக்காவில் இதைச் செய்கிறவர்கள் இருப்பார்கள் என்று மாமனார் கனவிலும் நினைத்ததில்லை. லூதியானா லோடு அடித்த காலத்தில் தாபாக்களில் பழகிய இந்தியை நாற்பது வருஷம் கழித்துத் தூசு தட்டி எடுத்துவிட்டார். ஒரு மணி நேரம். நானும் தங்கமணியும் பிக்கப்பில் ஏசி போட்டுக்கொண்டு தயிர்சாதத்தைக் காலி செய்தோம். அந்தக் கட்டை உள்ளே கடையிலேயே விற்கிறது என்று தெரிந்ததும், வந்த நாளாக ஒரு டாலரைக்கூட எடுக்க விடாத மனுஷன் தன் பையிலிருந்து காசு எடுத்து வாங்கினார்.

டயர் கடை அனுபவம் தனி. கவுண்டரில் இருந்த பையன் கார் டயரே போதும், விலை குறைச்சல் என்றான். பக்கச் சுவர் மெத்தென்றிருந்தால் டிரெய்லர் பின்னால் ஆட்டம் போடும், அதனால்தான் எஸ்.டி. என்று தனி ஜாதி என நான் அவனுக்குப் பாடம் எடுக்க வேண்டியிருந்தது. லோடு ரேஞ்ச் டி கேட்டேன்: அதே சைஸ், 65 பி.எஸ்.ஐ., ஒவ்வொன்றும் 2,040 பவுண்டு. ரிம் அந்த அழுத்தத்தைத் தாங்குமா என்று பின்னால் பொறித்திருப்பதைப் படித்து, ரப்பர் வால்வு வேண்டாம், மெட்டல் வால்வு போடு என்று சொல்லி, நாலு டயரின் பிறந்த வாரத்தையும் பார்த்து... பெண் பார்க்கப் போனபோதுகூட நான் இவ்வளவு விசாரிக்கவில்லை. இதைச் சத்தமாகச் சொன்னது தப்பு.

வீட்டுக்கு வந்ததும் எலுமிச்சம்பழப் பிரச்சினை. இழுக்கிற வண்டிக்கா, இழுபடுகிற வண்டிக்கா? “இழுக்கறது மாடுங்க, பின்னால வர்றதுதான் வண்டி” என்று மாமனார் தீர்ப்புச் சொன்னார். “வெய்ய காலமுங்க, காத்தக் கொஞ்சம் இறக்கியுடுங்க” என்றும் சொன்னார். அதற்கு மட்டும் நான் மசியவில்லை. காற்று குறைந்தால் டயர் மடங்கி மடங்கிச் சூடேறும், அப்புறம்தான் வெடிக்கும். சக்கரக் குழியையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு போகும்.

ஆக, இன்று காலை. லுங்கியும் கட்டையுமாக மாமனார் நிற்கிறார். “இடது பக்கம் பின்னாடி டயரு தொப்புங்குது மாப்ள. காத்து இல்லை.”

கேஜ் வைத்துப் பார்த்தேன். 65. மறுபடி வைத்தேன். 65. மற்ற மூன்றும் 65.

டிவியில் சத்தத்தை 60-இல் வைத்துத்தான் அவர் சீரியல் பார்க்கிறார். ஆஸ்பத்திரி என்றாலே, “காதுக்கு என்னுங்க, நல்லாத்தான் இருக்குது” என்பார். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“கம்ப்ரஸரை எடுத்தாரேன், நீங்க உள்ள போய்க் காப்பி குடிங்க மாமா” என்றேன். அவர் வாசல்படி ஏறியதும் குனிந்து வால்வைச் சாவியால் அமுக்கினேன். கேஜ் 58 காட்டியது. கேஜை உள்ளே எடுத்துப்போய் அவரிடம் காட்டினேன்.

“அதான் சொன்னனுங்களே” என்று காப்பியை ஒரு இழுப்பு இழுத்தார்.

இறக்கிய அந்த 7 பி.எஸ்.ஐ.யை மறுபடி ஏற்ற ஆறரை மணிக்குக் கம்ப்ரஸரைப் போட்டேன். தெருவே எழுந்துகொண்டது, தங்கமணி உட்பட.