ஏழிலிருந்து மூன்று

கோலாலம்பூரில் ஈறு நோய்ச் சிகிச்சை குறித்த ஓர் ஆய்வில் இரண்டு ஆண்டுகள் பதிவு உதவியாளராக இருந்தேன். ஈறுக்கு அடியில் படிந்த காரையைச் சுரண்டி எடுத்த பிறகு, அந்த இடுக்கில் மருந்துக் களிம்பையும் வைத்தால் கூடுதல் பலன் கிடைக்குமா என்பதே கேள்வி. பாதிப் பேருக்கு மருந்து, மற்றவர்களுக்கு மருந்தில்லாத களிம்பு. எந்தக் குழாயில் எது இருந்தது என்பது மருத்துவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மில்லிமீட்டர்க் கோடுகள் இட்ட மெல்லிய கோலைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே இறக்கி, ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடங்களில் இடுக்கின் ஆழத்தை அளந்து, மருத்துவர் மலாயில் "திகா, டுவா, திகா" (மூன்று, இரண்டு, மூன்று) என்று சொல்லிக்கொண்டே போவார். மூன்று வரை கவலையில்லை. ஞானப் பற்களை விட்டுவிட்டாலும் நிறைந்த வாய்க்கு 168 எண்கள். கை சற்று அழுத்தினாலே வீங்கிய ஈறு இடம்கொடுத்து எண் ஒன்று கூடிவிடும் என்பதால், மருத்துவர் ஒரே வாயை இருமுறை அளந்து தம் கையையே சோதித்துக்கொள்வார்.

செந்தூலிலிருந்து வந்த முதியவர் ஒருவருக்கு மூன்று மாதம் கழித்து மறு அளவு எடுத்தபோது, கீழ்த்தாடையின் இடப்பக்கம், பல் மருத்துவர்களின் எண்முறையில் 36 எனப்படும் பல்லில் ஏழு மூன்றாகியிருந்தது. அவ்வளவு அழகான குணத்தை அந்த ஆய்வில் நான் பார்த்ததில்லை. ஆனால் முன்பு எண்கள் இருந்த 35-ஆம் பல் இப்போது வாயிலேயே இல்லை.

"ஐயா, இடையில பல்லு ஏதும் புடுங்கினீங்களா?" என்று கேட்டேன்.

"அது கோலசிலாங்கூர் தோட்டத்துல இருந்தப்பவே போயிருச்சு பாப்பா."

முதல் நாள் மருத்துவர் 35-ஆம் பல்லுக்கு "தியாடா", அதாவது இல்லை, என்று சொன்னது, எச்சில் உறிஞ்சும் குழாயின் இரைச்சலில் என் காதில் விழவில்லை. அடுத்தடுத்த பற்களின் எண்களை ஒவ்வொரு வரி முன்னால் எழுதிவிட்டு, கடைசிப் பல்தான் இல்லை போலும் என்று நானே முடிவுகட்டியிருந்தேன். அழிக்கக் கூடாது என்பது விதி. தவறான எண்களை ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையொப்பமும் தேதியும் இட்டேன். உண்மையில் அந்த ஏழு 37-ஆம் பல்லுக்குரியது. அது ஐந்தாகத்தான் இறங்கியிருந்தது.

அன்றிலிருந்து இத்துறையின் முடிவுகளை வேறு கண்ணால் படிக்கிறேன். இவ்வகைக் களிம்புகள் சுரண்டலுக்கு மேல் சேர்க்கும் சராசரிப் பலன் பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. கோலின் ஒரு கோட்டுக்குக்கூட எட்டாது. நூற்றுக்கணக்கான வாய்களின் சராசரியில்தான் அது தென்படும். தனி ஒருவரின் வாயில் அதைப் பார்த்தேன் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். மருந்தில்லாக் களிம்பு பெற்றவர்களும் தேறத்தான் செய்வார்கள்: காரை போயிருக்கும், மீண்டும் அளப்பார்கள் என்று தெரிந்ததால் வீட்டில் பல் துலக்குவதும் ஒழுங்காகியிருக்கும்.

தமக்குக் கிடைத்தது மருந்துதானா என்று ஐயா கேட்டார். ஆய்வு முடியும்வரை எனக்கும் தெரியாது என்றேன். அதை விட்டுவிட்டு, பல்லிடுக்குத் தூரிகை இன்னொரு பாக்கெட் கிடைக்குமா, முன்பு தந்ததை வீட்டம்மா எடுத்துக்கொண்டார் என்றார்.