1971 டிசம்பர் இன்லண்ட் லெட்டரைப் பிரிக்கும் முன்

பஞ்சாப் எல்லையோரக் குவார்ட்டர்ஸிலிருந்து 1971 இந்திய-பாகிஸ்தான் போரின்போது ஊருக்கு வந்த கடிதக் கட்டு பரணில் கிடைத்தால், உடனே படிக்க உட்காராதீர்கள். முதலில் தபால் முத்திரை. குடும்பத்தார் ஊர்த் தபாலில் போட்டதில் ஊர்ப்பெயர் இருக்கும். ராணுவத் தபாலில் எண் மட்டும்தான். முகவரியும் ‘மே/பா 56 ஏ.பி.ஓ.’ (மேற்பார்வை, 56-ஆம் ராணுவத் தபால் நிலையம்) என்று நின்றுவிடும். இடம் தெரியக்கூடாது என்பதே ஏற்பாடு. பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-இல்தான் வந்தது, அதைத் தேடவேண்டாம். அகதிகள் நிவாரண 5 பைசாத் தபால்தலை ஒட்டியிருந்தால் கடிதம் 1971 நவம்பர் 15-க்கு முந்தையதல்ல.

தேதியைச் சிலர் தமிழில் போட்டிருப்பார்கள். விரோதிகிருது ௵ (வருடம்) கார்த்திகை ௴ (மாதம்) என்றிருந்தால் போர்க்காலம் ஏறக்குறைய முழுக்க அதற்குள் அடங்கும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய கையெழுத்து என்பதால் லை, னை எல்லாம் தும்பிக்கை போட்டு நிற்கும். ‘சௌ.’, ‘சிர.’ என்பவை சௌபாக்கியவதி, சிரஞ்சீவி. பெயரின் முதலெழுத்து என்று எண்ணித் தட்டச்சு செய்து குழப்பியவர்கள் உண்டு.

‘சங்கு ஊதியது’ என்றால் சைரன். ஏறி இறங்கி ஒலித்தால் ஆபத்து, ஒரே சீராக நீண்டால் ஓய்ந்தது. டிசம்பர் 3 மாலைதான் அமிர்தசரஸ், பதான்கோட் விமானதளங்கள் தாக்கப்பட்டன. ஆகவே அன்றைய தேதியிட்ட கடிதத்தில் ‘க்ஷேமம்’ என்று தொடங்கி, ஓரத்து மடிப்பில் மட்டும் நெருக்கி நெருக்கிப் பதுங்குகுழி, விளக்கணைப்பு என்று வந்தால், அந்த வரிகள் இரவில் சேர்த்தவையாக இருக்கலாம். மையும் மாறியிருக்கிறதா பாருங்கள். அதனால்தான் மடிப்புகளையும் விடாமல் ஸ்கேன் செய்யச் சொல்வது: 600 டிபிஐ, கலரில், இருபுறமும். நீலத் தாளில் நீல மை மங்கியிருந்தால் படத் திருத்தச் செயலியில் சிவப்பு வண்ண அடுக்கை (சேனல்) மட்டும் பிரித்துப் பாருங்கள், எழுத்து கறுத்துத் தெரியும்.

ஈரத்தில் ஒட்டிக்கொண்ட மடிப்பை ஆவியில் காட்டாதீர்கள். பேனா மை கரைந்து ஓடும். மெல்லிய பிளாஸ்டிக் ஸ்கேலை உள்ளே விட்டு, பசை உள்ள ஓரத்தை நோக்கி மெல்ல நகர்த்தினால் போதும். மசியவில்லை என்றால் விட்டுவிடுங்கள். செலோடேப் மஞ்சளித்துத் தாளையும் கெடுக்கும். லேமினேஷன் அதைவிட மோசம், திரும்பப் பிரிக்கவே முடியாது. குண்டூசியைப் பிடுங்கி இழுத்தால் துருவோடு தாளும் கிழியும். இருபுறமும் துருவைத் தளர்த்திய பிறகே உருவுங்கள்.