எத்தனை குஞ்சு சார்?

மாமனார் வீட்டுப் பரணிலிருந்து இறங்கிய மரப்பெட்டி வால்வு ரேடியோ என் மேஜைக்கு வந்து சேர்ந்தது. "நல்லாப் பாடும் மாப்பிள்ளை, கொஞ்சம் இரையும், அவ்வளவுதான்" என்றார். வால்யூமை அடியோடு குறைத்தாலும் இரையுமாம்.

அப்படியென்றால் சந்தேகமே வேண்டாம், பவர் சப்ளைதான். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஏசியை டிசியாக்குகிற இ.இசட்.80 ரெக்டிஃபையர் வால்வைத் தாண்டும்போது அது 100 ஹெர்ட்ஸ் அலையாகிறது. அதைச் சமன் செய்ய வேண்டிய கண்டென்சர் உள்ளே காய்ந்து போனால், அலை நேரே ஸ்பீக்கருக்குப் போய்விடும்.

புதுக் கண்டென்சருக்கு அலையவில்லை. 47 மைக்ரோஃபாரட், 450 வோல்ட். பழைய தகர டப்பாவுக்குள்ளேயே ஒளித்து வைக்கிற அளவுக்குச் சின்னது. "100 போடுங்க சார், இன்னும் சுத்தமா இருக்கும்" என்றார் கடைக்காரர். கூடவே கூடாது. அந்த வால்வுக்கு அடுத்த கண்டென்சர் 50-ஐத் தாண்டக் கூடாது. பெரிசாகப் போட்டால், அது நிரம்ப இழுக்கிற கரண்டை வால்வு தாங்காது.

அலையவிட்டது குண்டு பல்பு. பல வருஷம் தூங்கிய ரேடியோவை நேராக பிளக்கில் சொருகுவது ஆபத்து. நடுவே சீரிஸில் ஒரு 100 வாட் பல்பு வேண்டும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், டிரான்ஸ்ஃபார்மர் பிழைக்கும். இந்த வேலைக்கு எல்இடி ஆகாது. இதைச் சொன்னால் எந்தக் கடையில் கேட்கிறார்கள்? ஒருவர் குண்டு வடிவத்திலேயே ஒரு எல்இடியை நீட்டி, வாரண்டியும் உண்டு என்றார்.

கடைசியில், குஞ்சுகளுக்குச் சூடு காட்ட குண்டு பல்பு விற்கிற கோழித் தீவனக் கடையில் கிடைத்தது.

"எத்தனை குஞ்சு சார்?"

"ஒண்ணுதாங்க. அறுபது வயசாச்சு."

மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத்தான் சில்லறை கொடுத்தார்.

சரி, ரேடியோ பிழைத்தது. பல்பு மங்கியது, ஸ்டேஷன் சரியாகப் பிடித்ததா என்று காட்டுகிற மேஜிக் ஐ வால்வு பச்சையாகக் கண் விழித்தது, இரைச்சல் போயே போச்சு. ஆனால் மீடியம் வேவ் முழுக்கப் புதிதாக ஒரு கரகரப்பு. அது ரேடியோவின் குற்றமில்லை. வீட்டு எல்இடி விளக்குகளும் செல்போன் சார்ஜரும் கிளப்புகிற சத்தம். ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்தேன். ஹால் விளக்கும் அணைந்த பிறகு, அடடா, என்ன தெளிவு!

"அது பாட நாங்க இருட்டுல சாப்பிடணுமா?" என்றாள் மனைவி.

"குண்டு பல்பு கரகரக்காது, அதையே ஹாலில் மாட்டிடலாமா?" என்றேன்.

"மாட்டுங்க. கரண்ட் பில்லை எங்கப்பாகிட்ட குடுத்துடுங்க."