சமரசர் மேசையிலிருந்து

மார்ச் 4
பணியிடத் தகராறுக் கோப்புகள் கூடிக்கொண்டே போகின்றன. மனிதர்கள் திடீரென்று பொல்லாதவர்களாகிவிட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. முகம் பார்த்து முணுமுணுத்துத் தீர்ந்துபோனவை இப்போது எழுத்தில் விழுந்து அப்படியே தங்கிவிடுகின்றன.

இன்று வந்தது ஷிப்ட் அட்டவணைச் சண்டை: மூத்த ஊழியர் கேட்காமலே அட்டவணையை மாற்றிவிட்டார் என்பது இளையவரின் புகார். மின்னஞ்சல்களை வரிசையாகப் படித்தேன். முதல் கடிதம் இருவருக்குள் மட்டும். அடுத்ததில் மேலாளருக்கு நகல். அதற்கடுத்து மனிதவளத் துறைக்கும். நகல் பட்டியல் நீண்டுவிட்டால், எழுதுகிறவர் எதிராளியோடு பேசுவதை நிறுத்திவிட்டார், சாட்சி சேர்க்கிறார் என்று பொருள். முதல் கடிதத்தோடு என்னிடம் வந்திருக்கக் கூடாதா?

மார்ச் 6
தனித்தனியாகச் சந்தித்தேன். மூத்தவருக்கு அட்டவணை ஒரு பொருட்டே இல்லை. குழுவின் முன்னால் இளையவர் தன்னைத் திருத்தியதுதான் உறுத்துகிறது. இளையவரோ, “ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே விட்டுக்கொடுத்திருப்பேன், சார்” என்கிறார். இதை மூத்தவரிடம் சொல்லலாமா என்று கேட்டேன். யோசித்து, சரி என்றார். அந்த அனுமதி இல்லாமல் ஓர் அறையின் பேச்சை மறு அறைக்குக் கொண்டுபோவதில்லை.

மார்ச் 7
யார் மேல் தவறு என்று மேலாளர் கேட்டார். தீர்ப்புச் சொல்வது நடுவரின் வேலை, சமரசருடையது அல்ல. புகார் தீரும்வரை இளையவரை வேறு பிரிவுக்கு அனுப்பலாமா என்றும் கேட்டார். குறை சொன்னதற்காகவே தொழிலாளிக்குப் பாதிப்பு வரக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இலேயே, 130ஆம் பரிந்துரையில், எழுதிவைத்திருக்கிறது. எடுத்துச் சொன்னேன். முகம் சுளித்தாலும் விட்டுவிட்டார்.

மார்ச் 11
கூட்டு அமர்வு. முதல் அரை மணி நேரம் இருவரும் என்னைப் பார்த்தே பேசினார்கள். பிறகு மூத்தவர் இளையவர் பக்கம் திரும்பி, “கேட்காமல் மாற்றியது சரியில்லைதான்” என்றார். அதன்பின் எனக்கு வேலை குறைவு. அட்டவணை பத்து நாள் முன்னதாக வரும். மாற்றம் வேண்டுமென்றால் தொலைபேசியில் பேச வேண்டும், குழுவில் எழுதக் கூடாது. இருவரும் கையெழுத்திட்டார்கள்.

மார்ச் 12
புதிய கோப்பு: பாலியல் துன்புறுத்தல் புகார், ‘பேசி முடித்துவிடவும்’ என்ற குறிப்போடு. பேசி முடிக்கிற விஷயமா இது? மேலதிகாரிக்கு எதிராக அவர் கீழே வேலை பார்ப்பவர் கொடுத்த புகாரில் சமரசம் என்பது வாயடைக்கும் ஏற்பாடாகிவிடும். விசாரணைக் குழுவுக்கு அனுப்பிவிட்டு, குறிப்பு எழுதியவருக்கும் காரணத்தை எழுத்திலேயே தெரிவித்தேன்.