மணிக்கட்டும் 30 அங்குல மேசையும்

ஜூன் 10

விடியற்காலை 3 மணிக்கு விழிப்பு. வலது கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துக் கிடந்தன. எழுந்து உட்கார்ந்து கையை உதறினேன். மெல்ல உணர்வு வந்தது. சுண்டுவிரலுக்கு மட்டும் ஒன்றும் இல்லை. கோடை விடுமுறை முடிந்து கோர்ட் திறந்ததிலிருந்து இப்படித்தான். தம்புச் செட்டித் தெருவில் எங்கள் ஜாப் டைப்பிங் கடையில் மூச்சுவிட நேரமில்லை.

ஜூன் 12

திருவொற்றியூரில் மெட்ரோ ஏறி, கம்பியைப் பிடித்து நின்றேன். மண்ணடி வருவதற்குள் கை மரத்துவிட்டது. பயமாக இருக்கிறது. இந்தக் கைதான் எனக்குச் சோறு போடுகிறது.

ஜூன் 13

பிசியோதெரபி பார்க்கும் அம்மாவிடம் போனேன். இரண்டு புறங்கையையும் ஒட்டவைத்து, விரல்கள் தரையைப் பார்க்க, மணிக்கட்டை மடக்கி ஒரு நிமிடம் பிடிக்கச் சொன்னார். 40 எண்ணுவதற்குள் விரல்களில் ஊசி குத்த ஆரம்பித்தது.

தாளில் படம் போட்டுக் காட்டினார். மணிக்கட்டின் உள்பக்கம் எலும்பும் நாருமாக ஒரு குறுகலான குகை. அதற்குள் விரலை மடக்கும் 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் நெருக்கியடித்துப் போகின்றன. கையைப் பின்னால் வளைத்தாலும் உள்ளே மடித்தாலும் அங்கே அழுத்தம் ஏறும். நரம்பு நசுங்கும். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் பாதி, இத்தனைக்கும் உணர்வு அந்த நரம்பிலிருந்துதான். சுண்டுவிரலின் நரம்பு குகைக்கு வெளியே போகிறதாம். அது தப்பித்த காரணம் அப்போதுதான் விளங்கியது.

"தூக்கத்துல கையை மடக்கிக்கிட்டுப் படுப்பீங்க, அதான் ராத்திரியில ஜாஸ்தி" என்று சொல்லி, மணிக்கட்டை நேராகப் பிடிக்கும் பட்டை ஒன்று கொடுத்தார். சுகர், தைராய்டாலும் இது வரலாம், ரத்தம் பார்த்துவிடுங்கள் என்றார். கடைசியில் ஒரு கேள்வி: "டைப் அடிக்கறப்ப மணிக்கட்டு எங்க இருக்கும்மா?"

"மேசை மேலதான்" என்றேன்.

ஜூன் 14

இஞ்ச் டேப்போடு கடைக்குப் போனேன். மேசை 30 அங்குலம். நாற்காலியில் உட்கார்ந்து முழங்கையை மடக்கினால் தரையிலிருந்து 25½. இத்தனை உயரத்துக்குக் கையைத் தூக்கிப் பிடிக்க முடியாமல், மணிக்கட்டை மேசை விளிம்பில் ஊன்றி, விரல்களை மேலே நிமிர்த்தி அடித்திருக்கிறேன், 18 வருஷமாக. போதாததற்குக் கீபோர்டின் பின்கால்களையும் நிமிர்த்தி வைத்திருந்தேன். பின்பக்கம் உயர உயர மணிக்கட்டு இன்னும் வளையும். முதல் வேலையாக அந்தக் கால்களை மடக்கினேன்.

வேதனை என்னவென்றால், இதெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட பாடம். 1996-ல் டைப்ரைட்டிங் லோயர் பரீட்சைக்குப் படித்தபோது, ஏஎஸ்டிஎஃப்ஜிஎஃப், செமிகோலன் எல்கேஜேஹெச்ஜே என்று அடித்துக்கொண்டிருக்கும் எங்கள் பின்னால் மாஸ்டர் ஸ்கேலோடு நடப்பார். மணிக்கட்டு தொய்ந்தால் ஸ்கேல் அடியிலிருந்து தட்டும். "கை மிதக்கணும்மா" என்பார். முழங்கை விலாவோடு ஒட்டி, பெரிய எழுத்துக்கு எதிர்க்கை ஷிஃப்ட். டைப் மிஷின் மேசைகள் 26, 27 அங்குலம்தான் இருக்கும். வரி முடிந்தால் மணி அடிக்கும், இடது கை கேரேஜைத் தள்ளும். பக்கம் முடிந்தால் தாள் மாற்ற வேண்டும். கைக்கு ஓய்வு தானாக வந்தது. கம்ப்யூட்டருக்கு மாறியதும் விசை மெத்தென்று இருக்கிறதே என்று மணிக்கட்டைக் கீழே போட்டேன். தட்டி எழுப்ப மாஸ்டர் இல்லை.

ஜூன் 17

நாற்காலியில் 4 அங்குலத்துக்கு மெத்தை. கால் தொங்கியது, ஏ4 பேப்பர் கட்டு இரண்டை அடுக்கிக் காலை வைத்தேன். இப்போது முழங்கையும் விசைகளும் கிட்டத்தட்ட ஒரே மட்டம். இன்னொன்றும் கண்ணில் பட்டது. நம்பர் விசைகளையும் சேர்த்துக் கீபோர்டின் நடுவில் உட்கார்ந்திருந்தேன். எழுத்து விசைகள் இடப்பக்கம் ஒதுங்கிப்போய், கைகள் கோணலாகவே ஓடியிருக்கின்றன. ஜி-க்கும் ஹெச்-சுக்கும் நடுவே தொப்புள் வருகிற மாதிரி நகர்த்திக்கொண்டேன்.

வேகம் பாதியாகிவிட்டது. முதலாளி பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

ஜூன் 21

பக்கத்து சீட்டுத் தம்பி தமிழ்99-ல் அடிப்பதை இன்றுதான் நின்று கவனித்தேன். 1999-ல் அரசாங்கம் ஏற்ற விசைப்பலகை. உயிரெழுத்தெல்லாம் இடக்கை, மெய்யெல்லாம் பெரும்பாலும் வலக்கை. 'அம்மா'வுக்கு நாலே தட்டு. ம-வை இரண்டு முறை தட்டினால் முதலாவதில் புள்ளி தானே விழுகிறது. ஒரு கை அடிக்கும்போது மற்ற கை மூச்சு வாங்குகிறது. நான் பழைய டைப்ரைட்டர் முறைக்காரி. இந்த வயதில் மாறலாமா என்று மனசு ஊசலாடுகிறது.

ஜூன் 26

இந்த வாரம் ராத்திரி ஒரே ஒரு நாள்தான் விழிப்பு. ஆனால் தோளில் புதிதாக வலி. பிசியோதெரபி அம்மாவிடம் கேட்டேன். கை மிதக்கவேண்டியது அடிக்கும்போது மட்டும். வரி யோசிக்கும் நேரத்தில் கையை மடியில் போடுங்கள் என்றார். நான் நாள் முழுக்க விறைத்துப் பிடித்திருந்திருக்கிறேன்.

ஜூன் 30

கடையடைக்கும் நேரத்தில் தம்பி வந்தான். "அக்கா, எனக்கும் அந்த டேப்பை வெச்சுப் பாருங்களேன்." ஆள் உயரம், முழங்கை 28 வந்தது. 2 அங்குல மெத்தையும் காலுக்கு ஒரு கட்டுப் பேப்பரும் போதும். அவன் கீபோர்டின் பின்கால்களை நானே மடக்கிவிட்டேன்.