சோற்றுக்கு முன்னால் ஒரு கோப்பை சூப்

தை மாதம் கிளினிக்கில் நிறை பார்த்தபோது 78 கிலோ. "இரவுச் சாப்பாட்டைக் கொஞ்சம் பாருங்கோ" என்றார் டொக்டர். நான் எடுத்த முதல் முடிவே பிழை. சோறும் வேண்டாம், பாணும் வேண்டாம், கரட்டும் லீக்ஸும் அவித்த தெளிந்த சூப் மட்டும் போதும் என்று இருந்தேன். ஏழு மணிக்குக் குடித்தால் பத்து மணிக்கு வயிறு எரியும். நாலாம் நாள் இரவு குசினியில் நின்றபடியே அரை றாத்தல் பாணும் சம்பலும் சாப்பிட்டேன்.

அதன் பிறகுதான் இதைப் பற்றித் தேடி வாசித்தேன். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்பரா ரோல்ஸ் என்பவரின் குழு 2007இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. முதலில் சூப் குடித்துவிட்டு மதியச் சாப்பாடு சாப்பிட்டவர்கள், சூப்பின் கலோரியையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் சுமார் 20 சதவீதம் குறைவாகவே சாப்பிட்டிருக்கிறார்கள். சாப்பாட்டுக்குப் பதிலாக இல்லை, சாப்பாட்டுக்கு முன்னால். நான் விட்ட பிழை அங்கேதான்.

இப்போது எங்கள் வீட்டு சூப் இதுதான். அரைச் சுண்டு மைசூர்ப் பருப்பு, ஒரு துண்டு பூசணி, நாலு பல் உள்ளி, சீரகம், மிளகு. பருப்பு கரையும்வரை அவித்து மத்தால் கடைவேன். அகப்பையைத் தூக்கினால் தண்ணீராக ஓடக் கூடாது. கரண்டியில் கொஞ்சம் ஒட்ட வேண்டும். முருங்கை இலை கடைசியில்தான். கொதிக்கிற சூப்பில் ஒரு பிடி போட்டு, மூடாமல், இலை பச்சை மாறுவதற்குள் இறக்கிவிட வேண்டும். மூடி வைத்தால் நிறமும் போகும், வாசமும் மாறும். இது அம்மா சொல்லித் தந்தது. இறக்கிய பிறகு தேசிக்காய்ப் புளி.

தேங்காய்ப்பாலை விட்டதுதான் கஷ்டம். சொதி குடித்து வளர்ந்த நாக்கு. ஆனால் கட்டிப்பால் 100 மில்லியிலேயே 200 கலோரிக்குக் கிட்ட வரும். அதை ஊற்றினால் சூப் குடிப்பதில் அர்த்தமே இல்லை. சூப் கட்டியும் வாங்குவதில்லை, அதில் உப்பு அதிகம். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகத்தான் உப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு தேக்கரண்டி. என் கணவருக்கு பிரஷர் இருப்பதால் அந்தக் கட்டியை அடுப்படிக்குள்ளேயே விடவில்லை.

ஞாயிறு என்றால் மீன் தலை. திருக்கடலூர்ப் பக்கமிருந்து சைக்கிளில் வரும் அண்ணனிடம் "விளைமீன் தலை இருந்தால் எடுத்து வையுங்கோ அண்ணன்" என்று முதல் நாளே சொல்லிவிடுவேன். செவுளை நன்றாக எடுத்து, தக்காளியும் இஞ்சியும் மிளகும் போட்டு அவித்தால் வேறெதுவும் வேண்டாம். எலும்போடு ஒட்டிய சதையை மெல்ல மெல்லச் சாப்பிடுவதிலேயே இருபது நிமிடம் போய்விடும். அப்புறம் சோற்றுக் கோப்பைக்குக் கை போனாலும் ஒரு அகப்பையோடு நின்றுவிடுகிறது.

நீரிழிவுக்கு இன்சுலின் போடுகிறவர்கள் மட்டும் டொக்டரைக் கேட்காமல் சோற்றைக் குறைக்க வேண்டாம். எங்கள் பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரு நாள் இரவு சீனி இறங்கி, கை நடுங்கி, நாங்கள் எல்லோரும் பயந்துபோனோம்.

ஆடி பிறந்தபோது 72 கிலோ. டச்சுக்குடாக் கடற்கரையில் காலை நடையும் இருந்தது, சூப் மட்டும் என்று சொல்ல மாட்டேன். இப்போது ஏழரை ஆனதும் மகள் தானே கோப்பைகளை எடுத்து வைக்கிறாள். வளர்கிற பிள்ளை என்பதால் அவளுடைய கோப்பையில் மட்டும் நல்லெண்ணெயில் வதக்கிய சின்ன வெங்காயமும் ஒரு அவித்த முட்டையும் சேரும்.